பூட்டிய வீட்டில் எரிந்த விளக்கு

நான் ஓய்வு பெற்று ஒன்பது மாதங்கள் ஆகின்றன. போன வாரம் கஜபதி சார் போன் செய்தார்.

"எஸ்தர் மேடம், ஆபீஸ்ல புதுசா ஆறு பேர் சேர்ந்திருக்காங்க. எல்லாரும் நல்லாப் படிச்சவங்க. ஆனா சைட்டுக்குப் போனா லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்க மாட்டேங்கறாங்க. அந்தச் சதுரங்கப்பட்டினம் வீட்டுக் கதையை எழுதிக் கொடுங்களேன். படிக்கட்டும்."

"எழுதறேன் சார். ஆனா என் தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."

"அதுக்குத்தானே கேக்கறேன்" என்று சிரித்தார்.

வீட்டு விளக்குகளைத் தானாக இயங்க வைப்பது எங்கள் கம்பெனியின் தொழில். அறைக்குள் ஆள் நுழைந்தால் விளக்கு எரியும், வெளியேறினால் அணையும். பொழுது சாயும்போது வாசல் விளக்கு மெல்ல எழும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கும்போது உள்ளே ஏதாவது அசைந்தால் விளக்கு எரிந்து, வீட்டுக்காரரின் போனுக்குத் தகவலும் போகும். இன்றைக்கு இதையெல்லாம் பெட்டியில் போட்டுக் கடையில் விற்கிறார்கள். வாங்கி வந்து தாங்களே மாட்டிக்கொண்டு, போனிடம் வாயால் சொல்லி விளக்கை அணைக்கிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று மாதம் வேலை இருக்கும்.

என் ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு மறைமலைநகரில் மின்பலகை செய்யும் தொழிற்சாலையில் பதினேழு வருடம். அந்தத் தொழிற்சாலையை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. அந்த வயதில்தான் இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் கஜபதி. அவருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. சுவரில் ஒரு விளக்கு துடித்துத் துடித்து எரிந்துகொண்டிருந்தது. "அதுக்கு என்ன கோளாறு, சொல்லுங்க" என்றார். எனக்கு முன்னால் போன இரண்டு பேர் பெரிய விளக்கம் கொடுத்திருந்தார்களாம். நான், "தெரியலை சார். பல்பை மாத்திப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பல்பை எடுத்துக் கொடுத்தார். ஏணி போட்டு ஏறி மாற்றினேன். துடிப்பு நின்றது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பில், அதற்கு ஒத்துவராத பல்பை வேண்டுமென்றே மாட்டி வைத்திருந்தார். ஏணியிலிருந்து நான் இறங்குவதற்குள் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது.

கஜபதி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். புது வீட்டுக்குள் நுழைந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் சும்மா நிற்பார். அந்த நேரம் யாரும் பேசக்கூடாது, பெட்டியைத் திறக்கக்கூடாது. வீட்டுக்காரரிடம் "எத்தனை விளக்கு வேணும்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "கட்டிலை விட்டு எந்தப் பக்கம் இறங்குவீங்க? கண்ணாடி போடறதுக்கு முன்னாடியா, போட்ட பிறகா?" என்று கேட்பார். பேண்ட் பையில் எப்போதும் ஒரு பென்சில். நாங்கள் ஒரு கோளாறைச் சொன்னால் தாளின் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் 'பார்த்தது', மறுபக்கம் 'நினைத்தது' என்று எழுதி எங்கள் முன்னால் தள்ளுவார். நாங்கள் பார்த்ததாக நினைத்ததில் பாதி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் அந்தத் தாள் முன்னால் வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

நான்கு வருடத்தில் நான் கமிஷனிங் பார்க்கும் இடத்துக்கு வந்தேன். எல்லாம் பொருத்தி முடித்த பிறகு, ஒவ்வொரு விளக்கும் சொன்னபடி கேட்கிறதா என்று சோதித்து, கையெழுத்துப் போட்டு வீட்டை ஒப்படைப்பதுதான் கமிஷனிங். முதலில் சுவரில் இருக்கும் பொத்தானால் பார்ப்பேன். பிறகு போனில். பிறகு அசைவைக் கண்டறியும் ஒவ்வொரு சென்சாருக்கு முன்னாலும் நடந்து, குனிந்து, உட்கார்ந்து பார்ப்பேன். கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் போடுவேன். எங்கள் கடற்கரைப் பக்கம் கரண்ட் போய் வருவது சாதாரணம். வந்ததும் வீடு முழுக்க எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் பளிச்சென்று எழுந்தால் அது கமிஷனிங் அல்ல, கண்காட்சி.

மாமல்லபுரத்தில் செய்த ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்த மகன் பெற்றோருக்காகக் கட்டியது. சுவருக்குச் சுவர் ஆறு பொத்தான்கள் உள்ள கண்ணாடிப் பலகை. அழகு கெடும் என்று எதிலும் எழுத்து வேண்டாமென்றார் மகன். ஒப்படைத்துவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்த வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், டார்ச் லைட் வெளிச்சத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எதை அமுக்கினா எது போகும்னு பயமா இருக்கும்மா. நேத்து ஒண்ணை அமுக்கினேன், கேட் விளக்கு அணைஞ்சு வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு" என்றார். அன்றைக்கே பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்த் தமிழில் பொறித்து வந்தேன். 'பேப்பர் படிக்க', 'சாப்பாடு', 'டிவி', 'எல்லாம் அணை'. பெரியவர் 'பேப்பர் படிக்க' என்பதை அமுக்கினார். நாற்காலிக்கு மேலே மட்டும் வெளிச்சம் வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "இங்க பாரு, எனக்குன்னு ஒரு சுவிட்ச்" என்றார். மகன் வீடியோ அழைப்பில் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எழுத்தில்லாத பலகை ஒன்றுகூட வெளியே போனதில்லை.

இனி சதுரங்கப்பட்டினம் வீட்டுக்கு வருகிறேன்.

புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மாடி வீடு. சொந்தக்காரர் சிவராமன், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அவரும் மனைவி ஜெயந்தி அம்மாவும் சென்னையில் இருந்தார்கள். சனி, ஞாயிறு மட்டும் வருவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வது தேசம்மா. பக்கத்து மீனவர் குப்பத்தில் இருப்பவர், ஐம்பது வயது, கணவர் இல்லை. காலையில் வந்து கீழ்த்தளத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். பிறகு நாள் முழுக்க மணலில் கருவாடு காய வைக்கும் வேலை. மூன்று மாதம் அந்த வீட்டில் நாங்கள் வேலை செய்தபோது தினமும் பார்த்துப் பழகியவர்தான். என்னை 'லைட்டுக்காரம்மா' என்று கூப்பிடுவார்.

அந்த வீட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஒரு கோடையில் சிவராமனின் போனுக்குத் தகவல் வர ஆரம்பித்தது. வீடு பூட்டியிருக்கிறது; மதிய நேரத்தில் மாடிப் படுக்கையறையில் அசைவு, விளக்கு எரிந்தது. சில நொடிகள் கழித்து அறைக்கு வெளியே மாடி நடையில் அசைவு, அங்கேயும் விளக்கு. வாரத்தில் நாலைந்து நாள். அவர் புகார் செய்தார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போய் சென்சார்களைச் சோதித்தார்கள், புதிதாகவும் மாற்றினார்கள். 'சிஸ்டம் சரியாக வேலை செய்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நான் அப்போது வேறு சைட்டில் இருந்தேன்.

மெஷின் சரியென்றால் மாடியில் யாரோ நடக்கிறார்கள். சாவி இருப்பது தேசம்மாவிடம். சிவராமன் அடுத்த சனிக்கிழமை வந்து இறங்கியதும் நேராகக் குப்பத்துக்குப் போனார். அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் முன்னால், "நான் இல்லாத நேரம் என் மாடி ரூம்ல யாரைக் கொண்டுவந்து வெச்சிருக்கே?" என்று கேட்டார். சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்கும் பிறகு போனுக்குத் தகவல் வந்தது. கள்ளச் சாவி போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

இது எனக்குத் தெரிய வந்தது, அவர் கஜபதி சாரிடம், எந்த நேரத்தில் எந்த அறையில் அசைவு என்ற பதிவு முழுவதையும் கம்பெனி முத்திரையோடு கேட்டபோது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமாம். கஜபதி சார் என்னை அழைத்து, அச்செடுத்து வரச் சொன்னார்.

அச்செடுத்தேன். எடுத்துவந்து அவர் மேசையில் வைத்தேன்.

"சார், இதுல முத்திரை போடாதீங்க."

"ஏன்?"

"தேசம்மாவை எனக்குத் தெரியும்."

பென்சிலை எடுத்தார். கோடு கிழித்தார். நான் சொன்னதை 'நினைத்தது' பக்கத்தில் எழுதினார். "பார்த்தது ஏதாவது இருக்கா?"

நான் அச்செடுத்த பதிவை மறுபடி வரிவரியாகப் படித்தேன். பிறகு ஒன்று கண்ணில் பட்டது. "சார், எல்லா நாளும் முதல்ல படுக்கையறை, அப்புறம்தான் நடை. ஒருத்தர் உள்ள வரணும்னா படி வழியா வரணும், இல்லேன்னா மொட்டைமாடிக் கதவு வழியா வரணும். எப்படி வந்தாலும் நடையைத் தாண்டித்தானே படுக்கையறை? இந்த ஆள் படுக்கையறைக்குள்ளயே முளைச்சு வெளிய வர்றாரு."

கஜபதி சார் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அதை 'பார்த்தது' பக்கத்தில் எழுதினார். "நல்ல கேள்வி மேடம். ஆனா இது இன்னும் பதில் இல்லை. அவர்கிட்ட ரெண்டு நாள் கேட்டு வாங்கறேன். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

அன்றைக்கே பஸ் ஏறிப் புதுப்பட்டினத்தில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை; குப்பத்துக்குப் போனேன். தேசம்மா மணலில் குந்தி, வலை மேல் பரப்பிய நெத்திலியைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"இன்னா லைட்டுக்காரம்மா, இன்னும் இன்னா பாக்கி கீதுன்னு வந்தே?"

"அக்கா, நீங்க அங்க போகலேன்னு எனக்குத் தெரியும்."

"உனுக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? உன் மெசினு சொல்லிகீதே, நான் போறேன்னு. அத்தினி பொம்பளைங்க முன்னாடி கேட்டுட்டாரு. என் மருமவ நாலஞ்சு நாளா என் மூஞ்சியப் பார்த்துப் பேசல. நான் இன்னா பதில் சொல்லுவேன், சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் நெத்திலியைத் திருப்ப ஆரம்பித்தேன்.

"மத்தியான நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"வேற எங்க இருப்பேன்? இங்கதான். காத்து திரும்பற நேரத்துல இத்த உட்டுட்டு எங்கியும் போவ முடியாது. காலைல கரைக் காத்து அடிக்கும். மத்தியானம் சட்டுனு கடலு பக்கத்துலேர்ந்து திரும்பும். திரும்பனதும் மணலு அள்ளிப் போடும், சாக்கு போட்டு மூடணும்."

"தினமும் ஒரே நேரத்துக்குத் திரும்புமா?"

"அது இன்னா ஆபீஸு போற ஆளா? ஒரு நாளு பன்னெண்டு மணிக்கே வரும், ஒரு நாளு ரெண்டு மணியாவும். நேத்து வரவே இல்ல. மேக்காத்து வலுவா அடிச்சிகினே இருந்திச்சி."

என் கைப்பையில் அந்தப் பதிவின் நகல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நேற்று ஒரு பதிவும் இல்லை.

"முந்தாநாளு?"

"முந்தாநாளு சீக்கிரம். சோறு துன்ன உக்காந்தேன், துன்ன உடலே, வந்துடுச்சி. பன்னெண்டரை இருக்கும்."

தாளில் பன்னிரண்டு நாற்பது.

"அதுக்கு முன்னாடி நாள்?"

தேசம்மா யோசித்தார். "அன்னிக்குப் பயலுங்க படகு கரைக்கு வர்றதுக்கு லேட்டு. அவுங்க வந்தப்பறம்தான் காத்து திரும்பிச்சி, ஒண்ணரை, ஒண்ணே முக்கால் இருக்கும்."

தாளில் ஒன்று ஐம்பது.

அந்த சென்சாருக்குக் கண் கிடையாது; அதற்கு முன்னால் சூடு மாறினால் அதை ஆள் என்று எடுத்துக்கொள்ளும். மாடியில் நடப்பது காற்று. ஆனால் எல்லாக் கதவும் ஜன்னலும் பூட்டிய வீட்டுக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது? கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டை மனதில் ஏறி இறங்கினேன். கீழ்த்தளம், படி, நடை, படுக்கையறை, மொட்டைமாடி. மொட்டைமாடியின் கிழக்குக் கைப்பிடிச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

அங்கே ஒரு பிளாஸ்டிக் பைப் இருந்தது. பின்னால் எப்போதாவது மொட்டைமாடியில் விளக்கு வைக்க நினைத்தால் ஒயர் இழுக்கலாம் என்று விட்டுவைத்த வெறும் பைப். தளத்துக் கான்கிரீட்டுக்குள் ஓடி, நேராகப் படுக்கையறை சென்சாரின் பின்னால் இறங்கும். அங்கிருந்து நடை சென்சாருக்கு. காலை முழுக்க வெயிலில் காய்ந்த தளத்துக்குள் அந்தப் பைப்பில் இருக்கும் காற்று கொதித்துக் கிடக்கும். கடல்காற்று திரும்பி பைப்பின் வாயில் மோதியதும் அந்தச் சூட்டை உள்ளே தள்ளும். முதலில் படுக்கையறை. பிறகு நடை. படுக்கையறைக்குள்ளேயே முளைத்த ஆள் அதுதான்.

அந்தப் பைப்பின் வாயை மூடியிருக்க வேண்டும். மூடாமல் 'பின்னால் வரும் வேலை' என்று குறித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான்.

மணலில் நின்றபடியே கஜபதி சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. அந்தப் பக்கம் பென்சில் தாளில் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் எனக்கே ஒரு யோசனை வந்து போனது. இப்போதே வெளியே ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏறி, ஓட்டை அடைக்கும் பசை கொஞ்சம் வைத்துப் பைப்பை அடைத்துவிட்டால் நாளையிலிருந்து ஒரு தகவலும் வராது. கம்பெனி பெயரும் கெடாது, என் பெயரும் கெடாது. ஆனால் 'சாவியைப் பிடுங்கினோம், போலீஸ் என்றோம், பயந்து நிறுத்திவிட்டாள்' என்றுதான் சிவராமன் சொல்வார். தேசம்மாவின் பெயர் அதோடு முடிந்தது.

கஜபதி சார் பேசினார். "பைப்பை அடைச்சிடாதீங்க மேடம். அவரு கண்ணால பார்க்கட்டும். நாளைக்குக் காலைல அவரையும் அவங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு எல்லோரும் அந்த வீட்டு வாசலில் இருந்தோம். சிவராமன் தன் கையாலேயே எல்லாக் கதவையும் பூட்டினார். சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு புன்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேசம்மா வந்தார், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. "கள்ளச் சாவி போட்டேன்னு சொன்ன வூட்டுல நான் கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே, எல்லோர் கண்ணுக்கும் நேராக மணலில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சவுக்குத் தோப்பிலிருந்து மேற்குக் காற்றின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நேற்று முன்தினம் போல இன்றைக்கும் காற்று திரும்பாமலேயே போய்விட்டால்?

"இன்னும் எவ்வளவு நேரம் இந்த வேடிக்கை?" என்றார் சிவராமன்.

கஜபதி சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டையே பார்த்தபடி நின்றார். "வரும் சார்."

ஒன்றே கால் இருக்கும். தோப்பின் சத்தம் நின்றது. கேட்டுக்கு வெளியே தேசம்மா தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார். "வருது பாரு" என்றார், யாருக்கும் சொல்லாதது போல. சவுக்கு மரங்களின் நுனி எங்கள் பக்கம் சாய்ந்தது. ஜெயந்தி அம்மாவின் முந்தானை பறந்தது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

சிவராமனின் போன் ஒலித்தது. 'மாடிப் படுக்கையறை: அசைவு.' மாடி ஜன்னல் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்வதற்குள் மறுபடி ஒலித்தது. 'மாடி நடை: அசைவு.'

அவர் போனைப் பார்த்தார். மடியிலிருந்த சாவியைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த தேசம்மாவைப் பார்த்தார். தேசம்மா காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மாடிக்கு ஓடினோம். சிவராமன் அலமாரியைத் திறந்தார், குளியலறையைத் திறந்தார், அந்த வயதில் முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். ஒருவரும் இல்லை. நான் ஸ்டூலில் ஏறி சென்சாரைச் சுவரிலிருந்து கழற்றினேன். பின்னால் பைப்பின் வாய் தெரிந்தது. ஜெயந்தி அம்மாவிடம் ஓர் ஊதுபத்தி கேட்டு வாங்கிக் கொளுத்தி அந்த ஓட்டைக்கு நேரே பிடித்தேன். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை, வெளியே காற்று வீசும்போதெல்லாம் சுவரை விட்டு எகிறி அறையின் நடுவுக்கு வந்தது. வீச்சு அடங்கினால் மறுபடி நேராக நின்றது.

ஜெயந்தி அம்மா கையை நீட்டி ஓட்டைக்கு முன்னால் வைத்தார். "என்னங்க, இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க. யாரோ மூச்சு விடற மாதிரி சூடா வருது."

சிவராமன் கையை வைத்தார். எடுக்கவில்லை.

கஜபதி சார் சொன்னார்: "தப்பு எங்களோடது சார். கோளாறு இருந்ததும் எங்க தப்பு. சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு."

"பைப்பை மூடாம விட்டது நான்தான்" என்றேன்.

மேலே ஏறிப் பைப்பின் வாய்க்கு மூடி போட்டேன். கீழே சென்சாரின் பின்னால் இருந்த ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்தேன். வீட்டை மறுபடி பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கடல்காற்று புன்னை மரத்தைப் பிடித்து உலுக்கியது. போன் வாயே திறக்கவில்லை. கஜபதி சார் அன்றைக்குத்தான் என் முன்னால் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "மேடம், இத்தனை வருஷத்துல ஒரு சத்தமும் வராததுக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை" என்றார்.

ஜெயந்தி அம்மாதான் முதலில் கேட்டுக்கு வெளியே போனார். தேசம்மாவின் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்து, "மன்னிச்சிடு தேசம்மா. மறுபடி வேலைக்கு வா" என்றார். சிவராமன் பின்னால் வந்து நின்று சாவிக் கொத்தை நீட்டினார்.

தேசம்மா வாங்கவில்லை.

"அய்யா, நீங்க என்னை இங்க கேக்கல. அங்க கேட்டீங்க" என்று குப்பத்தைக் காட்டினார். "அங்க வந்து சொல்லுங்க. அப்பால சாவிய வாங்கிக்கறேன்."

சிவராமன் முகம் சிவந்தது. நான் கஜபதி சாரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சிவராமன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். நெத்திலி திருப்பிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். தேசம்மாவின் மருமகளும் அங்கே இருந்தாள். சிவராமன் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தேசம்மா என் வீட்டு மாடிக்குப் போகலை. யாரையும் கொண்டுவந்து வைக்கலை. நான் சொன்னது பொய். நான் விசாரிக்காம பேசிட்டேன்."

மருமகள் எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிழவி, "அப்பிடிச் சொல்லு நைனா" என்றாள். மணல் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. சிவராமனும் சிரித்துவிட்டார்.

அந்த மாதமே கமிஷனிங் படிவத்தில் 'எல்லாப் பைப்பின் வாயும் மூடப்பட்டதா?' என்ற வரி சேர்ந்தது. அதுவரை நான் கையெழுத்துப் போட்ட கடற்கரை வீடுகள் அத்தனைக்கும் நானே திரும்பப் போய் மொட்டைமாடி ஏறினேன். நான்கு வீடுகளில் பைப் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நான்கையும் என் கையால் மூடினேன். அடுத்த வருடம் கமிஷனிங் பிரிவு முழுவதையும் என் பொறுப்பில் விட்டார்கள். ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலி என்னுடையதாகவே இருந்தது. நான் தப்பை ஒத்துக்கொண்டது எனக்கு எதிராக ஒரு நாளும் பேசப்படவில்லை.

தேசம்மா வேலைக்குத் திரும்பினார். போன முதல் நாளே சிவராமனிடம் இன்னொன்றும் கேட்டார்: "அந்த மெசினு உங்க போனுக்கு இன்னா சொல்லுதோ, அது என் போனுக்கும் வரணும்." அவர் மறுக்கும் நிலையில் இல்லை. நான்தான் போய், வீட்டில் ஆள் இருக்கும்போதும் தகவல் வரும்படி, தமிழ் எழுத்திலேயே வரும்படி மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு அறையின் பெயரையும் வாசித்துக் காட்டினேன். இரண்டே நாளில் என்னைவிட வேகமாகப் படித்தார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குப் போன் வந்தது.

"லைட்டுக்காரம்மா, கேளு. அம்மா மாடியில படுத்துகினு கீது. மூணு மணிக்கு என் போனுல 'சமையல்கட்டு: அசைவு'ன்னு வந்திச்சி. காத்தா இருக்கப்போவுதுன்னு நெனச்சிகினே போயி எட்டிப் பாத்தேன்."

"யாரு அக்கா?"

"அய்யாதான். சக்கரைக்கு மாத்திரை போடற மனுசன், ஃப்ரிட்ஜத் தொறந்து வெச்சிகினு நிக்கிறாரு, ரெண்டு கையிலயும் ஜிலேபி."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் இன்னா பண்ணுவேன்? நேரா மாடிக்குப் போயி அம்மாவ எழுப்பிட்டேன்."